நான் பொட்டு வைத்துக் கும்பிட்ட ஸ்பிரிங் பட்டை

லாரி விஷயத்தில் என் மனைவி வாய் திறந்து ஒரு கருத்துச் சொன்னது, கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான். "என்ன வேணா பண்ணிக்கங்க, முன்னாடி மட்டும் கை வெக்காதீங்க" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளுக்கு வண்டியில் முன்னாடி எது பின்னாடி எது என்று என்ன தெரியும் என நினைத்துச் சிரித்துவிட்டுப் போனேன்.

அது மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி. இப்போது ரோட்டில் அப்படி ஒன்று போனால் ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில், நானும் என் மச்சினனும் சேர்ந்து நடத்திய தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறைக்குப் பின்னால், இடது பக்கமாகச் சாய்ந்தபடி இருபத்தைந்து வருஷம் நின்றது. அதற்கு முன்னால் அதுதான் என் பிழைப்பு. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று வடக்கே போவேன். திரும்பும்போது வெங்காயமோ பருத்தியோ, கிடைத்ததை ஏற்றி வருவேன். போனால் வீடு வந்து சேர ஒரு மாதமும் ஆகும்.

ஒருமுறை அப்படி வந்து சேர்ந்தவன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டேன். கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாத சோறுமாகக் கிடந்தேன். காய்ச்சல் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று ஆனபோது மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. அந்தக் காலத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்தான். கையில் உடைந்த ஸ்பிரிங் பட்டை ஒன்று. லாரியின் முன் அச்சுக்கு மேலே, வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொள்வது அவைதான். மேல்பட்டை போய்விட்டால் வண்டி உட்கார்ந்துவிடும்.

"நின்ன எடத்துலயே முறிஞ்சு போச்சுங்க மாமா. வண்டி ஒக்காந்துருச்சு" என்று சொல்லி, பட்டையைக் கட்டில் காலடியில் வைத்தான்.

எனக்கு அழுகை வந்தது. அழவும் செய்தேன். உடம்பில் தெம்பு இல்லை, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி எஃப்.சி. வேறு வாங்க வேண்டிய நேரம். மச்சினன்தான் வழி சொன்னான். "கொஞ்ச நாளைக்கு அது கெடக்கட்டுங்க மாமா. நாம ரீட்ரெடிங் போடலாம், நான் கூட இருக்கறேன்" என்றான். கொஞ்ச நாள் என்பது இருபத்தைந்து வருஷம் ஆனது.

அந்த வண்டிமேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேரத்துக்கு ஆயில் மாற்றினேன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதில்லை, பெற்ற பிள்ளையைப்போல வைத்திருந்தேன். நான் படுத்த நேரம் பார்த்துத் தானும் படுத்துக்கொண்டதே என்று ஆறவில்லை. கிரேன் வைத்து இழுத்து வந்து பட்டறைக்குப் பின்னால் போட்டதோடு சரி, பக்கத்தில் போனதில்லை. பம்பர் வரைக்கும் கோரைப்புல் வளர்ந்தது. கடைக்கு வருகிற டிரைவர்கள் "வண்டி ஆருதுங்க?" என்று கேட்டால், "துரோகி வண்டி" என்பேன்.

ஆனால் அந்த உடைந்த பட்டையை மட்டும் எறிய மனம் வரவில்லை. கடைக்குள் சாமி படத்துக்குக் கீழே சாத்தி வைத்திருந்தேன். ஆயுத பூஜை வந்தால் கம்ப்ரசருக்கும் டயர் அச்சுகளுக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். என்னை ரோட்டை விட்டு இறக்கியது அதுதான். அது ஒரு சாமி என்று ஆகிப்போனது. பக்கத்தில் என் மனைவி கற்பூரத் தட்டோடு நிற்பாள். மச்சினன் பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைப்பான். இப்படி வருஷா வருஷம்.

போன வருஷம் கடையை மூடினோம். இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னதால் லாரியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே வாரம், பழைய வண்டிகளை எடுத்துச் சரிசெய்யும் மெக்கானிக் ஒருவர் வந்து, டேங்கைக் கழுவி, புது பேட்டரி வைத்து, ஏதேதோ செய்து இன்ஜினைக் கிளப்பிவிட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாகக் கியரைத் தேடியது. துரோகி, பொல்லாத துரோகி, ஒரு உறுமலில் என்னைக் கவிழ்த்துவிட்டது.

"இன்ஜின் கல்லாட்டம் இருக்குதுங்ணா. முன்பக்கம்தான். பட்டை, கிங்பின், புஷ் எல்லாம் பிரிச்சுப் புதுசாச் செய்யோணும். செஞ்சா ஓடும், இல்லீன்னா இரும்புதான். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வீட்டில் சொன்னபோதுதான் மனைவி முன்னாடி கை வைக்க வேண்டாம் என்றாள். மச்சினனோ ஒருபடி மேலே போனான். "முன்பக்கம் பிரிச்சா சேசிஸ் வளைஞ்சு போயிருமுங்க மாமா", "அந்தப் பட்டை இப்ப அடிக்கறதுக்கு ஆளில்லீங்க", "பேசாம வித்துப்போடுங்க" என்று தினம் ஒரு காரணம். அவனுக்கு என் உடம்புமேல் அக்கறை என்று நெகிழ்ந்துகூடப் போனேன். யார் பேச்சையும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லாததால், பிரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன்.

பிரித்த அன்று நான் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது பக்கப் பட்டைக் கட்டைச் சுற்றியிருந்த சங்கிலியையும் மக்கிப்போன சாக்கையும் அறுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, கட்டைக் கீழே இறக்கினார்கள். மெக்கானிக் மண்ணைச் சுரண்டினார். பிறகு சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, கொஞ்சம் வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். மேல்பட்டை இரண்டு துண்டாக அங்கேயே இருந்தது. முறிந்த எஃகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், முறிந்த வாய் வெல்லத்தை உடைத்த மாதிரி பொருபொருவென்று இருக்கும். இது அப்படி இல்லை. நேராக ஒரே கோடு. ஓரத்தில் இரும்பு உருகி, மெழுகுவத்தி வழிந்த மாதிரி சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது. கேஸ் கட்டர் வைத்து அறுத்திருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். டீ டம்ளர் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை.

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. வண்டியின் பட்டை வண்டியிலேயே இருக்கிறது என்றால், நான் பொட்டு வைத்துக் கும்பிட்டது எது? கடைச் சாமான்களோடு மூட்டை கட்டி வைத்திருந்ததை ஓடிப்போய் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். ஒரு விரற்கடை அகலம் கூடுதல். வளைவே வேறு. அது ஏதோ ஒரு வண்டியின் உடைசல், இரும்புக்கடையில் பொறுக்கியது. இருபத்தைந்து வருஷத்தில் ஒருநாள்கூட அதை நான் அளந்து பார்க்கவில்லை. கும்பிடுகிற பொருளை யார் அளந்து பார்ப்பார்கள்?

முதலில் எதிரிகளைத்தான் நினைத்தேன். லோடு போட்டியில் முறைத்துக்கொண்டவன், ஒருமுறை சட்டையைப் பிடித்தவன் என்று ஒவ்வொருவராக. கட்டில் காலடியில் பட்டையைக் கொண்டு வந்து வைத்த கை யாருடையது என்பது கடைசியாகத்தான் உறைத்தது. கேஸ் கட்டர் பிடிக்கத் தெரிந்த கை. போன் போட்டு வரச் சொன்னேன். வந்து, கீழே கிடந்த இரண்டு துண்டையும் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் மாப்ளே?" என்றேன்.

"அக்காவக் கேளுங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் அறுபட்ட துண்டைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள். மறுக்கவில்லை, அழவில்லை, "நாந்தாங்க சொன்னேன்" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையைக் கேட்டிருக்கிறேன். இவர்கள் அதை என் கண்ணெதிரே சுற்றி, வாசலில் உடைத்தே காட்டியிருக்கிறார்கள். "என்ற வண்டி. என்ற பொழப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"கேட்டிருந்தா உட்டிருப்பீங்களா?"

"அறுபட்ட பட்டையோட தெரியாம நான் எடுத்து ஓட்டியிருந்தா? செத்திருப்பேன்டி!"

"அதுக்குத்தான் முழுசா அறுக்கச் சொன்னேன்" என்றாள். "பாதி அறுத்தா நீங்க ஓட்டிப்போடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஜாக்கி வெச்சு, முழுசா அறுத்து, வண்டி மண்ணுல ஒக்காந்ததக் கண்ணுல பாத்த பொறவுதான் ஊட்டுக்குள்ள வந்தேன். நீங்க அப்ப காச்சல்ல கெடந்தீங்க."

இவள் எறும்பை மிதித்தால்கூட உச்சுக்கொட்டுகிறவள். லாரியை அறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். என்ன செய்துவிட்டேன் என்று என்னை இப்படி முடக்கினாய் என்று கேட்டேன்.

அவள் மடியில் கிடந்த கடலைத் தொலியைத் தட்டிவிட்டாள்.

"காச்சல்ல நீங்க ஒளறுனீங்க. மைல்கல்லு, மைல்கல்லுன்னு. கண்ணத் தொறந்து பாக்கறேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறேன், பம்பரு மைல்கல்ல முட்டி நிக்குது, அதுக்கு அக்கட்டால பள்ளம்னு. ஒருவாட்டி இல்லீங்க. விடிய விடிய அதையேதான் சொன்னீங்க. சொல்லறப்பவெல்லாம் வலது காலு கட்டிலைப் போட்டு மிதிக்குது, பிரேக்கு மிதிக்கறாப்பல. நான் அந்தக் காலைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தேன்."

நாக்பூருக்கு வடக்கே காட்டு ரோட்டில் நடந்தது அது. ஸ்டியரிங்கிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது அவள் சொன்னபடியேதான் நின்றிருந்தேன். கிளீனர்கூட எழுந்திருக்கவில்லை. கீழே இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்து, அது முடியும்வரை நின்றுவிட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுத்து வந்தேன். இதுவரை ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை அதை. சொல்லிவிட்டால் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று பயம். அந்த மைல்கல் எனக்கு மட்டும் தெரிந்தது என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். இவள் அதைத் தெரிந்துகொண்டுதான் எனக்குத் தினமும் சோறு போட்டிருக்கிறாள், கற்பூரம் காட்டியிருக்கிறாள்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. கேட்காமல் அறுத்தது அறுத்ததுதான். ஆனால் அந்தக் கால் விஷயம் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. நாம் அறியாமல் நம் காலை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று இந்த வயதில் தெரிய வந்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

மறுநாள் காலையில் அவளே பேச்செடுத்தாள். "மாட்டோணும்னா மாட்டுங்க. இந்தவாட்டி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வித்தாலும் செரி."

மெக்கானிக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டமா, இரும்பா? சாய்ந்து நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எத்தனை வசவு வாங்கியிருக்கிறது இது! துரோகி என்றேன், சனியன் என்றேன். அது முறியவே இல்லை. என் காலை வாரவே இல்லை. ஒரு தப்பும் செய்யாமல் பழி சுமந்துகொண்டு, மழையிலும் வெயிலிலும் ஒருக்களித்து நின்றிருக்கிறது. பழி நீங்கிய பிறகு இரும்புக்கடைக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. "முன்பக்கம் முழுசும் புதுசாச் செஞ்சுருங்க" என்றேன்.

பட்டைகளைச் சேலத்தில் அளவு கொடுத்து அடித்து வந்தார்கள். புதுப் பட்டைக் கட்டை மாட்டி ஜாக்கியை இறக்கியபோது வண்டி ஒருமுறை அசைந்து, நேராக நின்றது. மச்சினனும் வந்திருந்தான், தூரத்திலேயே நின்றான். "வாடா, பூசணிக்காய் சுத்து. உனக்குத்தான் நல்லா வருமே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு வந்து சுற்றினான்.

காகிதமெல்லாம் சரியான பிறகு முதன்முதலாக வண்டியை ரோட்டுக்கு எடுத்த அன்று, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் அந்தப் பக்கக் கதவு திறந்தது. என் மனைவி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் கால் வைத்து, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. இத்தனை காலமும் நான் ஏற்றியதில்லை, அவளும் கேட்டதில்லை.

"எதுவரைக்குமுங்க?" என்றாள்.

"சேலம் ரோட்டுல, டோல்கேட் வரைக்கும்."

"அதத் தாண்டுனீங்கன்னா, தம்பிகிட்ட கட்டர் இன்னும் இருக்குதுங்க" என்றாள். சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அவள் கை என் வலது முழங்கால்மேல் வந்து உட்கார்ந்தது.

டோல்கேட்டுக்கு முன்னால் இருந்த பாலத்தடியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன்.