ஜப்பான் மலைக்கு மஞ்சள்

அத்தையோடு நான் பேசாமல் இருந்தது ஒரு படத்தால்தான். அப்பாவின் அக்கா அவர். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஈப்போ நகரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும், தோட்டத்துப் பழக்கம் ஒன்றையும் விடாதவர்.

அப்போது எனக்குப் பத்து வயது. சனிக்கிழமை ஓவிய வகுப்பில் எல்லாருக்கும் ஒரே வேலை: மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழைய ஜப்பானியப் படம் ஒன்றைப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைய வேண்டும். பனிமலை, ஆறு, ஒரு படகு. தாளை நனைத்துச் சாய்த்துப் பிடித்து, மேலே அடர்நீலமாகத் தொடங்கும் வானத்தைக் கீழே வர வர வெளுக்கவிட வேண்டும். பனிக்கு வண்ணமே கிடையாது, தாளின் வெள்ளைதான் பனி. எத்தனையோ தாளைக் கெடுத்த பிறகு எனக்கு அந்த வானம் வசப்பட்டது. மறுநாள் கண்காட்சிச் சுவரில் அதை மாட்டப்போகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து காய வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

"மலைக்குக் கலர் அடிக்க மறந்துட்டியே" என்று அத்தை குரல் கொடுத்தார்.

"அது பனி அத்தை! தொடாதீங்க!"

மலையை அவர் தொடவில்லை. நான் வந்து பார்த்தபோது தாளின் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள்! ஈரம் பட்டதும் காய்ந்த நீலம் கரைந்து மஞ்சளோடு கலந்து, என் வானம் இரு பக்கமும் பச்சையாக வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் வச்சீங்க? உங்கள யாரு வைக்கச் சொன்னது?" என்று வீடே அதிரக் கத்தினேன்.

"நம்ம வீட்டுலேருந்து மொத மொத வெளிய போற படம். மஞ்ச வெக்காம எப்படிலா அனுப்புறது?"

கல்யாணப் பத்திரிகையா இது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரவு சாப்பிடவில்லை, அவரோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை ஆசிரியை படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "ஐயோ, இந்த அழுக்கோட எப்படி மாட்டுறது?" என்று சொல்லி, கத்தியால் நான்கு பக்கமும் விரலகலம் நறுக்கித் தள்ளினார். படகின் மூக்கும் சேர்ந்து போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவரும் தமிழர்தான். அவர் வீட்டுப் பத்திரிகையில் மட்டும் மஞ்சள் தடவாமலா கொடுத்திருப்பார்கள்? ஆனால் அன்று அவர்தான் எனக்குத் தெய்வம்.

சாயங்காலம் அத்தை தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வந்துவிட்டார். சுவர் முழுக்க அதே மலை, அதே ஆறு, அதே படகு. அத்தை ஒவ்வொரு படமாகக் குனிந்து மூலையை மூலையைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரை போய்த் திரும்பியும் வந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், உதவவில்லை.

"நம்ம படம் எதுலா? மஞ்சளயே காணோம்."

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலப் படத்தைக் காட்டி, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். "டீச்சர் வெட்டிப் போட்டுட்டாங்க. அழுக்காம்!"

என் கோபம் அத்தோடு தீர்ந்துவிட்டது. அத்தை திருப்பித் திட்டுவார் என்று பார்த்தேன். அவரோ மஞ்சள் கறை போகாத தன் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்; ஏன் என்றுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.