மிட்வைஃப் மிஸ்ஸின் மகள்

உடையார்கட்டுப் பக்கத்தில் தனுஷாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. குடும்பநல உத்தியோகத்தர் என்ற நீளமான பதவிப் பெயரும் யாருடைய வாயிலும் நுழைவதில்லை. எல்லோருக்கும் அவள் மிட்வைஃப் மிஸ். ஒன்பது வருடமாக ஒரு சிவப்பு ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் வருகிறாள். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்ப்பது, பிள்ளைகளின் நிறை பார்ப்பது, தடுப்பூசிக்கு நாள் சொல்வது, கொடுத்த திரிபோஷா சத்துமா பிள்ளைக்குப் போகிறதா அல்லது வீட்டில் மற்றவர்களுக்குப் போகிறதா என்று சாடையாக விசாரிப்பது, இதெல்லாம் அவளுடைய வேலை.

கிளினிக் நாட்களில் பொதுநோக்கு மண்டபத்தில் தாய்மார் பிள்ளைகளோடு வந்து குந்தியிருப்பார்கள். அவர்களுக்கு அவள் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு. "ஒரு வயசு வருதெண்டால் சோத்துக் கோப்பையைப் பிள்ளைக்கு முன்னால வையுங்கோ. தன்ர கையால அள்ளித் தின்னட்டும். கொட்டினால் கூட்டலாம்." அவள் 'கொட்டினால்' என்று தொடங்கும்போதே பின்வரிசையில் இருப்பவர்கள் 'கூட்டலாம்' என்று முடித்துவைப்பார்கள்.

அவளுடைய சொந்த மகள் ஆரபிக்கு அப்போது பதினாறு மாதம். கல்யாணமாகி ஆறாவது வருடத்தில் பிறந்த பிள்ளை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் தனுஷா பாதி வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அழுதாள். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொண்டது கணவன் கிருபன். அவன் வீட்டு முற்றத்திலேயே ஒரு கொட்டில் போட்டு, தோட்டக்காரர் கொண்டுவரும் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்துகிறவன். சாமான்களையெல்லாம் உயரத்தில் தூக்கி வைத்துவிட்டு, கொட்டிலின் ஒரு மூலையைக் கம்பிவலையால் அடைத்து, பாய் போட்டு மகளை அதற்குள் விட்டிருந்தான்.

பகல் அப்படியென்றால் பின்னேரம் முழுக்கத் தனுஷாவுடையது. நாலரைக்கு ஸ்கூட்டி வாசல் படலைக்குள் நுழைந்ததும் ஆரபி இரண்டு கையையும் தூக்குவாள். தூக்கி இடுப்பில் வைத்தால், நித்திரையாகும் வரைக்கும் பிள்ளையின் கால் நிலத்தில் படாது. சோறும் பருப்பும் கரட்டும் குழைத்து, குசினிப் படியில் இருந்து, காகத்துக்கு ஒரு வாய், கோழிக்கு ஒரு வாய் என்று முக்கால் மணித்தியாலம் தன் கையால் வாயில் தீத்துவாள். பிறகு தன்னுடைய ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவாள். ஊருக்குச் சொல்வது ஒன்று, வீட்டில் செய்வது வேறு என்று அவளுக்குத் தெரியும். ஆனால், இவள் இன்னும் பழகவில்லை, பழகும்போது விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆவணி மாதக் கிளினிக்கில் சுரேகா என்ற தாய் வந்தாள். கச்சான் கடலைத் தோட்டம் செய்கிற குடும்பம். மலைநாட்டிலிருந்து அவளுடைய தாத்தா வந்து குடியேறிய காணியில்தான் இன்றும் இருக்கிறார்கள். அவளுடைய மகன் சுஜிதனின் நிறை இரண்டு மாதமாக ஏறாமல் நின்று, இந்த முறை அரைக் கிலோ கூடியிருந்தது.

"என்ன செய்தனீங்கள்?" என்று தனுஷா சந்தோசமாகக் கேட்டாள்.

"வேற என்ன மிஸ், கோப்பையை அவன்ர முன்னால வைச்சிட்டன். முந்தி நீங்கள் சொல்லேக்க எனக்கு நம்பிக்கையில்லை. போன மாசம் பம்ப் திருத்த உங்கட வீட்டை வந்தனான். உங்கட மகள் தனிய இருந்து சோறும் முட்டையும் அள்ளிச் சாப்பிடுறதைப் பாத்தன். அவவைவிட இவன் மூண்டு மாசம் மூப்பு. அதுக்குப் பிறகு நானும் விட்டிட்டன்."

தனுஷா பேனையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். "ஆர், ஆரபியோ?"

"ஓம் மிஸ். தண்ணியும் தானே கோப்பையால குடிக்கிறா. மிஸ் நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறா எண்டு நாங்கள் எல்லாரும் கதைக்கிறனாங்கள்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. தனுஷா சிரித்துச் சமாளித்து, அடுத்த பிள்ளையின் கொப்பியை எடுத்தாள். அதில் நிறையைப் பிழையான மாதத்தில் எழுதி, பிறகு வெட்டித் திருத்தினாள்.

கிளினிக் பன்னிரண்டரைக்கு முடிந்தது. வழமையாக அங்கேயே சாப்பிட்டுவிட்டு வீடுகளைப் பார்க்கப் புறப்படுகிறவள், அன்று நேரே வீட்டுக்குப் போனாள். சத்தம் கேட்கக்கூடாது என்று ஒழுங்கை முடக்கிலேயே ஸ்கூட்டியை நிற்பாட்டி, உருட்டிக்கொண்டு வந்து, தகர வேலி நீக்கலால் பார்த்தாள்.

கிருபன் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கை வரைக்கும் கிறீஸோடு இருந்தான். பாயில் ஆரபி காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். முன்னால் கோப்பை. அதில் சோறு, பருப்பு, பூசணிக்காய். இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அள்ளினாள். பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டையில் விழுந்தது. சட்டையில் விழுந்ததையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். பிறகு எழும்பி நடந்துபோய்த் தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டு, "முடி" என்றாள்.

"முடிஞ்சுதோ? கெட்டிக்காரி," என்றான் கிருபன், தலை நிமிராமலே.

தனுஷா முதலில் உணர்ந்தது சந்தோசம் இல்லை. தன்னுடைய வீட்டுக்குள் தனக்குத் தெரியாமல் வேறு யாரோ குடியிருந்ததுபோல இருந்தது. படலையைத் திறந்தாள். அவளைக் கண்டதும் ஆரபியின் முகம் மாறியது. இரண்டு கையும் மேலே போயின. தாய் தூக்கி இடுப்பில் வைத்ததும், பழக்கதோசத்தில் வாயையும் ஆவென்று திறந்தாள்.

கிருபன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனான்.

"எத்தினை நாளா நடக்குது?" என்று கேட்டாள் தனுஷா.

"ரெண்டு மாசமிருக்கும். ஒருநாள் ஒரு ஆள் பம்பைக் கையோட கொண்டுபோகவெண்டு பக்கத்தில காவல் நிக்கிறார், இவ பசியில கத்துறா. என்ர கை முழுக்கக் கிறீஸ். எப்பிடித் தீத்துறது? கோப்பையை முன்னால வைச்சன். சாப்பிட்டா. கொட்டினால் கூட்டலாம் எண்டு நீர்தானே ஊருக்கெல்லாம் சொல்லுறனீர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். "பின்னேரம் நீர் வந்து அந்தப் படியில இருந்து தீத்தேக்க உம்மட முகத்தைப் பாக்கிறனான். அதைக் கெடுக்க மனம் வரேல்லை. இவவுக்கும் அப்பிடித்தானாக்கும். உம்மட்டை மட்டும்தான் வாயைத் திறந்துகொண்டு நிக்கிறா."

தனுஷாவுக்குக் கோபப்பட வேண்டும்போலவும் சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. கடைசியில் சிரிப்புத்தான் வந்தது.

அன்று பின்னேரம் அவள் கோப்பையை மகளுக்கு முன்னால் வைத்தாள். ஆரபி கோப்பையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். தாய் அசையவில்லை. மகள் உருளைக்கிழங்குத் துண்டொன்றை எடுத்து முற்றத்துக்கு எறிந்தாள். கோழி கொத்திக்கொண்டு ஓடியது. பிறகு பெரிய அழுகை. தனுஷாவின் கை இரண்டு தரம் கோப்பையை நோக்கிப் போய்த் திரும்பியது.

"நான் பார்க்கேல்லை, தீத்துறதெண்டால் தீத்தும்," என்றான் கிருபன் கொட்டிலிலிருந்து.

"நீங்கள் சும்மா இருங்கோ."

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் எழும்பிப்போய்த் தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கினாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. அழுகை மெல்ல மெல்லக் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் சின்னக் கை ஒன்று கோப்பையில் அளைகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சரியாகப் பழக ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. அதற்குள் கோழிகள் நன்றாகக் கொழுத்துவிட்டன. மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற வழக்கமும் அந்த நாட்களில்தான் அந்த வீட்டுக்கு வந்தது.

அடுத்த கிளினிக்கில் தனுஷா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சுரேகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அப்ப மிஸ்ஸும் எங்களைப்போலதான்," என்றாள். அதற்குப் பிறகு தாய்மார் அவளிடம் பொய் சொல்வது குறைந்தது. இன்னும் தீத்துகிறவர்கள், தீத்துகிறோம் என்றே சொல்கிறார்கள்.

ஆரபிக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. செருப்பைத் தானே போடுகிறாள், கால் மாறி. தலை இழுக்க வந்தால் சீப்பைப் பறிக்கிறாள். ஆனால் எப்போதாவது, பகல் முழுக்க ஓடிக் களைத்த நாட்களில், கோப்பையை மெல்லத் தாயின் பக்கம் தள்ளிவிட்டு மடியில் சாய்வாள். அந்த நாட்களில் தனுஷா சோற்றைக் குழைத்துத் தீத்துகிறாள். கிருபன் ஒன்றையும் காணாதவன்போலத் தன் கோப்பையைப் பார்த்தபடி சாப்பிடுகிறான்.