திண்டிவனம் கடையில் அக்காவின் கட்டில்

கணவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தபோது எங்களிடம் சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லை. சென்னையில் இருந்த வீட்டில் கட்டில், பீரோ எல்லாம் வீட்டுக்காரருடையவை. இங்கே ரயில் நிலையத்துக்குப் பின்புறம் மாடி வீடு கிடைத்தது. பாயும் அட்டைப்பெட்டிகளுமாகக் குடியேறினோம். கூடத்தில் நின்று பேசினால் குரல் சுவரில் பட்டு நமக்கே திரும்பி வரும். இரவில் ரயில் போனால் வெறுந்தரை அதிரும்.

முதலில் திருச்சி சாலையில் இருந்த பெரிய ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, மூன்று மாடி நிறையப் பளபளப்பு. கணவருக்கு எல்லாமே பிடித்திருந்தது. நான் ஒரு பீரோவின் பின்புறத்தைத் தட்டினேன். அட்டையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"தண்ணி பட்டா என்னாகும்?" என்று விற்பனையாளரிடம் கேட்டேன்.

"தண்ணி ஏங்க படப்போவுது?" என்றவர், அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை.

பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து போய் அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பல தெருக்களில் சுவரில் முழங்காலுக்கு மேலே சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. அதைப் பற்றிப் பேச யாரும் விரும்பவில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மா மட்டும் பேசினார்.

"புதுசெல்லாம் மரத்தூளும்மா. தண்ணி பட்டா இட்லி மாதிரி உப்பிடும். பழசு வாங்கு. பொம்மையார்பாளையத்துல இருக்கு, திண்டிவனத்துல இருக்கு. ஆனா வெள்ளத்துல நின்ன சாமானையும் தொடைச்சி வெச்சி வித்துக்கினு இருக்கானுங்க. டிராயரை வெளிய இழுத்து மோந்து பாரு. சேத்து நாத்தம் போவாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரின் அலுவலக நண்பரிடம் கார் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பொம்மையார்பாளையத்தில் கடலோரச் சாலையை ஒட்டி இருந்த கடை, வெளியிலிருந்து பார்க்க அழகாக இருந்தது. சாய்வு நாற்காலிகள், ஊஞ்சல் பலகைகள், கடைந்த தூண்கள். விருந்தினர் விடுதி நடத்துபவர்கள் வந்து வாங்குவார்களாம். உள்ளே போனால் ஒரு நீண்ட அறை முழுக்கக் கதவுகள். வீடுகளை இடித்தபோது நிலையோடு பெயர்த்து எடுத்து வந்து வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பல கதவுகளில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் அழியாமல் இருந்தன. ஒன்றில் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"வெளிய போலாம் வா" என்றார் கணவர். "ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

எதற்கும் பயப்படாத மனிதர் அவர். நான் சிரித்தேன். ஆனால் நானும் வேகமாகத்தான் வெளியே வந்தேன்.

அங்கே சொன்ன விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைக்காரரே, "எங்க கிட்ட வர்றதுல பாதி திண்டிவனத்துலேருந்துதான் வருது, அங்கியே பாருங்க" என்று வழி சொன்னார். வானம் மூட்டமாக இருந்தது. மதியத்துக்குள் திண்டிவனம் போய்விட்டோம்.

பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளே, தகரக் கொட்டகை போட்ட இடம். நைட்டிமேல் துண்டு போட்டிருந்த ஓர் அம்மாள்தான் முதலாளி. கறாராகவும் நேர்மையாகவும் பேசினார். "இந்தப் பக்கம் இருக்கறது வெள்ளத்துல நின்னது. அந்தப் பக்கம் நிக்காதது. எது வேணுமோ பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

வெள்ளத்தில் நிற்காத பக்கத்தில் மூன்றாவது வரிசையில் அந்தக் கட்டில் கிடந்தது. தலைமாட்டுப் பலகையில் சின்ன வட்டக் கண்ணாடி பதித்த தேக்குக் கட்டில். அப்படிப்பட்ட கட்டில்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஆனால் அந்தக் கண்ணாடியின் ஓரம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. கைப்பக்கத்துச் சட்டத்தில் கொசுவத்தி சுட்ட கருப்பு வட்டம். அது நான் வைத்த கொசுவத்தி. பரீட்சைக்குப் படிக்க அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது. அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா கோலியனூரில் சொல்லிச் செய்த சீர்க்கட்டில் அது.

அக்கா என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். மாமா இறந்த பிறகு திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். குழந்தை இல்லை. தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை போனில் பேசுவோம்; விழுப்புரம் வந்த பிறகும் நேரில் போய்ப் பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்கு முந்தின வாரம் பேசும்போது, "என் மிக்ஸி உனக்கு வேணுமா?" என்று கேட்டிருந்தாள். என்னிடம் இருக்கிறது என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

"இந்தக் கட்டில் எங்கேருந்து வந்துச்சுங்க?" என்று கடைக்கார அம்மாளைக் கேட்டேன்.

"திருவெண்ணெய்நல்லூர் பக்கம்மா. ஒரு பொம்பள போன் பண்ணி வரச்சொன்னாங்க. கட்டிலு, பீரோ, தையல் மிஷினு, எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்கன்னுட்டாங்க. விலைகூடப் பேசல. எனக்கே பேஜாரா போச்சு. ஏம்மா, வீட்டைக் காலி பண்ணிக்கினு எங்க போறேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"தூரமான்னாங்க."

தையல் மிஷின் இல்லாமல் அக்காவுக்குப் பிழைப்பே இல்லை. அக்கா போனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். கணவர் காரை எடுத்தார்.

விழுப்புரத்தைத் தாண்டும்வரை "ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரசூரில் திரும்பியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது. சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போயிற்று. எவ்வளவு ஹாரன் அடித்தாலும் ஒதுங்கவில்லை. அந்தக் கரும்புத் தோகைகளைப் பார்த்துக்கொண்டே நான் போனை மறுபடி மறுபடி அழுத்தினேன்.

அக்கா வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"காலைலேருந்து கதவு தொறக்கலக்கா. கூப்ட்டுப் பாத்தேன். தூங்குறாங்க போலன்னு உட்டுட்டேன்" என்றாள்.

கணவர் கதவைத் தட்டத் தொடங்கினார். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்கு ஓடினேன். கூடம் காலியாக இருந்தது. பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. நடுவில் ஒரு பாய். அதில் அக்கா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் போன் கிடந்தது.

"அக்கா!"

அசையவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். கணவர் கதவை இடிக்கும் சத்தம் அந்த வெற்று வீட்டுக்குள் பயங்கரமாக ஒலித்தது. அப்புறம் அவளுடைய கை மெல்லத் தரையைத் தடவியது.

"வர்றேன். கத்தாத, ஊரே கூடிடும்" என்றாள்.

கதவைத் திறந்தவளைப் பார்த்து நான் அழுதேன். பாதியாக இளைத்திருந்தாள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். எங்களை உட்காரச் சொல்ல நாற்காலி இல்லையே என்று முதலில் சங்கடப்பட்டாள்.

"வாங்க தம்பி, இப்டி பாய்ல உக்காருங்க" என்றாள் கணவரிடம்.

"எங்கக்கா போகப்போற?" என்று கேட்டேன்.

நேராகப் பதில் சொல்லாமல் என் கையை எடுத்துத் தன் அக்குளில் வைத்தாள். கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. மார்பில் வந்த கட்டி அங்கேயும் வந்துவிட்டது என்றாள். புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்களாம். வீட்டு ஆட்களை அழைத்து வரச் சொன்ன டாக்டரிடம் அதற்குப் பிறகு அவள் போகவே இல்லை.

"ஏன் சொல்லல?"

"அம்மாவுக்கு வந்ததுதான்டி இது. உனக்கு அப்போ சின்ன வயசு, ஞாபகம் இருக்காது. அம்மாவ கடைசி வரைக்கும் நான்தான் பாத்தேன். போனப்புறம் அவங்க பொடவைய மடிச்சதும் நான்தான். பாதி தச்ச ஜாக்கெட்டு மிஷின்லயே இருந்துது. அத எடுக்க முடியாம எத்தினி நாள் அங்கியே உக்காந்திருந்தேன் தெரியுமா? அந்த வேலைய உனக்கு வெச்சிட்டுப் போவக்கூடாதுன்னுதான் எல்லாத்தையும் தள்ளிட்டேன்."

கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் அவளைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. திட்டிக்கொண்டே அவள் துணிகளை ஒரு பையில் போட்டேன். அன்று மாலையே அவளை விழுப்புரத்துக்கு அழைத்து வந்துவிட்டோம்.

பிறகு ஆபரேஷன், அதன்பின் கீமோ. முடி கொட்டியது. வாய் புண்ணாகி மோரைக்கூட விழுங்க முடியாமல் தவித்தாள். இதற்கிடையில், அவளுடைய கட்டிலையே திரும்ப வாங்கி வரலாம் என்று நான் சொன்னபோது ஒரே பிடியாக மறுத்தாள். "கொடுத்தது கொடுத்ததுதான். நான் பாயிலியே படுத்துக்கறேன்." கீழே உட்கார்ந்து எழ அவளால் முடியவில்லை. கடைசியில் அவளையே திருச்சி சாலை ஷோரூமுக்கு அழைத்துப் போனோம். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்குப் பிடித்த கட்டிலைக் காட்டி, "இதுக்கு அஞ்சு வருஷம் வாரண்டிம்மா" என்றார் விற்பனையாளர்.

"யாருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"கட்டிலுக்குதாம்மா."

அக்கா அவ்வளவு சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கணவர் விலைச்சீட்டைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

முடி மறுபடி முளைத்திருக்கிறது. எங்கள் கூடமும் மெல்ல மெல்ல நிறைந்துவிட்டது. அக்கா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை வெட்டிக் கொடுக்கிறாள். மிஷின் வாங்கட்டுமா என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறாள். டாக்டர் குறிப்பிட்ட இடைவெளியில் வரச் சொல்லியிருக்கிறார். புதிதாக எங்கே வலி வந்தாலும் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்பதையும் எங்கள் இருவரிடமும் அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

சில நாட்களாக அக்கா காலையில் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். மெத்தை அமுங்கிவிட்டது என்கிறாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் மெத்தையைப் புரட்டிக் கையால் முழுக்க அழுத்திப் பார்த்தேன். எங்கும் பள்ளம் இல்லை. இருந்தாலும் கணவர் வேறு மெத்தை வாங்கிப் போட்டார். அதில் இரண்டு இரவு படுத்துவிட்டு, இன்று காலை மறுபடி இடுப்பைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"இதுவும் சரியில்ல. பஞ்சு மெத்தை பாப்பமா?"

"முதல்ல டாக்டர பாப்போம்க்கா" என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, புதுச்சேரி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.