கொடிக்கம்பத்தடியில் இரண்டு சாமிகள்

முழுப் பள்ளிக்கூடமும் பார்க்க ஒரு பி.டி. சாரை என் காலில் விழவைத்தவள் நான். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் இந்தப் பேச்சு வரும். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்போது ஏழாம் வகுப்பு. தாடிக்கொம்புப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. தைப்பூசத்துக்குச் சித்தப்பாவின் குழுவோடு பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டு, மார்கழியிலேயே மாலை போட்டிருந்தேன். மாலை போட்டவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவரை 'ஏ கழுதை' என்று கூப்பிட்ட அண்ணன், 'சாமி, சாப்பிட வாங்க' என்றான். அந்தச் சுகத்துக்காகவே வருஷம் பூரா மாலையோடு இருந்திருப்பேன். அதே குழுவில் எங்கள் பி.டி. சாரும் மாலை போட்டிருந்தார்.

எங்கள் பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்னால் ஒரு பிள்ளையார் பாட்டு உண்டு. எந்தக் காலத்து ஹெச்.எம். ஆரம்பித்தாரோ, பிறகு யாரும் நிறுத்தவில்லை. அதை மைக்கில் பாடுபவள் நான். என் தோழி பர்வீன் தமிழ்த்தாய் வாழ்த்தைக் கணீரென்று பாடுவாள். பிள்ளையார் பாட்டுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள். இரண்டு வருஷமாக எனக்கு மட்டும் அது தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, பாட்டில் சத்தம் குறைகிறது என்று பி.டி. சாருக்குத் தோன்றிவிட்டது. நேராக என்னிடம் வந்தார்.

"சாமி, ஒங்க வகுப்புல யாரு பாடல? மாலை போட்டுருக்கீங்க, பொய் சொல்லக் கூடாது."

பொய் சொன்னால் பழனி மலை ஏறும்போது கால் விளங்காமல் போய்விடும் என்று சித்தப்பா மிரட்டி வைத்திருந்தார். என் கால்களை நினைத்துக்கொண்டு பர்வீன் பேரைச் சொல்லிவிட்டேன்.

சாருக்கும் விரதம் என்பதால் அவர் கோபப்படவில்லை. பர்வீனைக் கூப்பிட்டுச் சாந்தமாகவே சொன்னார். "நாளைலருந்து பாடுறேன்னு சொல்லிட்டு வரிசைக்குப் போ. இல்லையின்னா கொடிக்கம்பத்துகிட்ட முட்டி போடு."

பர்வீன் நேராகப் போய் முட்டி போட்டாள். போகிற வழியில் என்னை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உறுதிமொழி முடிவதற்குள் மைக்கை விட்டுப் போய் அவள் பக்கத்தில் நானும் முட்டி போட்டேன். சார் பதறிப்போனார்.

"சாமி, என்னா இது, எந்திரிங்க. மாலையோட முட்டி போடப்படாது."

"அவ எந்திரிச்சா நானும் எந்திரிக்கிறேன் சாமி."

சொன்ன கையோடு அவர் காலில் விழுந்தேன். திட்டம் ஒன்றும் கிடையாது, கெஞ்சுவதற்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் மாலை போட்டவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாமி காலில் விழுந்தால் மற்ற சாமியும் பதிலுக்கு விழ வேண்டும். வயசு வித்தியாசம் கிடையாது. ஆறடி பி.டி. சார், கழுத்தில் விசிலோடு, என் காலில் விழுந்தார். பள்ளிக்கூடமே சிரித்துக் கைதட்டியது.

ஹெச்.எம். டீச்சர் மட்டும் சிரிக்காமல் வந்து பர்வீனைத் தூக்கி நிறுத்தினார்.

"பாட்டுத் தெரியாதாம்மா?"

"முழுசும் தெரியும் டீச்சர். எங்க வீட்டுல தொழுகுறது வேற மாதிரி, அதான் பாடுறதில்ல. மரியாதையாத்தான் நிக்கிறேன்."

டீச்சர் மைக்கைப் பிடித்தார். "பாடுறவுங்க பாடலாம். பாடாதவுங்க சும்மா நிக்கலாம். இனிமே யாரு பாடலைன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது."

சார் மண்ணைத் தட்டிக்கொண்டு, "கால் வலிக்குதா தாயி?" என்று பர்வீனிடம் கேட்டார். பாவம், நல்ல மனுஷர்தான்.

அன்று சாயங்காலம் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு நடந்தேன். போகிற வழியில் பர்வீனிடம் அறிவித்தேன். "நாளைலருந்து நானும் பாடமாட்டேன், ஒனக்காக."

"ஏன்டி? நீ நல்லாத்தான பாடுற. பாடு, நான் கேக்குறேன்."

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. என் தியாகத்தின் அருமை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் முன்னைவிடச் சத்தமாகப் பாடினேன். நான் அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணி அவளுக்கு வாங்கிக் கொடுத்த மரியாதையை, அவள் இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் எனக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள் என்பது அந்தப் பன்னிரண்டு வயசு சாமிக்கு எட்டவில்லை.