நாலாவது தோள்

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். "பேய் இருக்கா டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒளி, நிழல், மூளை என்று பல வருடம் விளக்கியிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இதில் ஒரு வரியும் நான் ஜோடித்தது இல்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

2014. ஐப்பசி மாதம். என் கணவரின் அலுவலகத்தில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து பொன்னி வேர்ல்டில் இரண்டு நாள் தங்குவது என்று முடிவானது. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, முந்நூறு ஏக்கரில், நடுவில் வெட்டிய ஏரியும் சுற்றிலும் ராட்டினங்களுமாக இருக்கிற பெரிய பார்க் அது. உள்ளேயே மூன்று ஓட்டல்கள். எதில் அறை போடுவது, வயதானவர்களை வைத்துக்கொண்டு உள்ளே எப்படிப் போய்வருவது என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா பெயர் கண்ணுசாமி. தஞ்சாவூர் நெல் மண்டியில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். இரண்டு முட்டியும் போய்விட்டது. அவரால் ஏறி இறங்க முடிந்தால் யாராலும் முடியும் என்பது என் கணக்கு.

"எந்த ஊரும்மா அது?" என்றார் கிளம்பும்போது.

"ஊரெல்லாம் இல்லப்பா. பார்க்."

"ஊர் இல்லாத எடம் ஏது?" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

ஓட்டல்களுக்கு குறுவை, தாளடி, சம்பா என்று பெயர் வைத்திருந்தார்கள். நெல்லைப் பிடுங்கிவிட்டு அதன் பெயரை மட்டும் விளக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். குறுவை வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாடகை குறைவு, நீர்ச்சறுக்குக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நாள் முழுக்க ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும். தாளடியில் சாப்பாடு நன்றாக இருந்தது, பிள்ளைகளுக்குத் தனிக் குளம். லிஃப்ட்தான் பெட்டி மாதிரி, சக்கர நாற்காலி நுழையாது. சம்பா ஏரிக்கு அந்தப் பக்கம். பால்கனி, காலையில் இருபது வகை டிபன். ஆனால் அங்கே போக ஏரிச் சாலையைச் சுற்றிவரும் பார்க் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதற்கு மேல் போன் போட்டால் பேட்டரி வண்டி வரும்.

தாளடி வாசலில் நாற்று நடும் பெண்ணின் சிலை ஒன்று குனிந்து நின்றது. பைபர். வெள்ளை வெளேர் என்ற நிறம், தலை நிறைய மல்லிகை, உதட்டில் சிரிப்பு. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா அதன் கையைத் தொட்டுப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"நடவு நட்ட கையாம்மா இது?" என்றார்.

முதல் தப்பான விஷயத்தை பஸ்ஸில்தான் கவனித்தேன்.

சாலையில் நிழற்குடை போட்ட நிறுத்தங்கள் பல இருந்தன. எல்லாவற்றிலும் பெயர்ப் பலகை, படம். தாளடிக்கும் சம்பாவுக்கும் நடுவில் ஒன்றில் மட்டும் பலகை இல்லை. யாரும் இறங்கவில்லை, யாரும் நிற்கவும் இல்லை. ஆனால் பஸ் அங்கே நின்றது. கதவு திறந்தது. கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்துவிட்டு மூடிக்கொண்டது. டிரைவருக்கு மேலே இருக்கும் உள்கண்ணாடி கூரையைப் பார்த்து மடக்கி வைக்கப்பட்டிருந்தது.

"யாரும் ஏறலையே தம்பி, ஏன் நிறுத்துறீங்க?"

"நான் நிறுத்தலக்கா" என்றார் டிரைவர். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நிழற்குடைக்குப் பின்னால் ஒரு பழைய மதகு. நீலமும் மஞ்சளும் அடித்து, அழகுக்காக விட்டு வைத்திருந்தார்கள். அப்பாவின் முகம் மாறியது.

"இது கீழப்பொன்னூர் மதகு" என்றார்.

கீழப்பொன்னூர் அவர் பிறந்த ஊர். ஊர்ப் பெயரைத் தவிர அவர் வேறு எதையும் எங்களிடம் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார். இங்கே ஊர் இருந்ததற்கு அடையாளமே இல்லை. புல்தரை, ராட்டினம், ஏரி...

சம்பாவில் மங்களாம்பிகை என்ற பெண் அறைகளைக் காட்டினார். ஏரியைப் பார்த்த அறைகளில் திரைச்சீலையின் ஓரங்களை ஊசி போட்டு மூடியிருந்தார்கள்.

"ஏரி இந்தப் பக்கம்தானே? திறக்கலாமே."

"இருட்டினப்புறம் திறக்க வேண்டாம் மேடம்."

"ஏங்க?"

ஊசி சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "கொசு" என்றார்.

நாங்கள் கீழே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைசி பஸ் போய்விட்டது. போன் செய்து காத்திருந்தோம். மழை விட்டு ஏழு மணி வாக்கில் பேட்டரி வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் பக்கீர் முகம்மது. நாகூர்க்காரர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அப்பாவை முன்னால் உட்கார வைத்து, நான் நடு இருக்கையில் உட்கார்ந்தேன். கடைசி இருக்கை காலி.

சாலையில் ஆளே இல்லை. ராட்டினங்களில் விளக்கு அணைத்துவிட்டார்கள். வண்டியின் 'ங்ஙீ' என்ற மெல்லிய சத்தம் மட்டும்.

பெயரில்லாத அந்த நிழற்குடை வந்தது.

வண்டி நின்றது.

"என்னாச்சு பாய்?"

"தெரியலக்கா. சார்ஜ் இருக்கு. பிரேக்குல கால் வைக்கல..."

அப்போது வாசனை வந்தது. பிடுங்கிய நாற்றும் சேறும் கலந்த வாசனை. அதனோடு சாம்பிராணி.

பிறகு சத்தம்.

சளக்... சளக்... சளக்...

முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நடக்கும் சத்தம். நாங்கள் நின்றது தார்ச்சாலை. மழைத் தண்ணீர் கூட வடிந்துவிட்டிருந்தது.

சளக்... சளக்...

எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. வண்டிக்கு இரண்டு பக்கமும் வந்தது. என் கைக்கு எட்டும் தூரத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். பாரம் சுமக்கிறவர்கள் வாங்கும் மூச்சு.

கடைசி இருக்கை பக்கம் வண்டி அமுங்கியது.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பக்கீர் முகம்மது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தார்.

அப்பா இறங்கினார்.

"அப்பா... ஏறுங்கப்பா!"

செருப்பைக் கழற்றினார். துண்டைச் சுருட்டி வலது தோளில் வைத்தார். வண்டிக்குப் பின்னால் போனார். குனிந்தார். நிமிர்ந்தபோது வலது தோள் இறங்கியிருந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"விடும்மா" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. இளைஞன் குரல். "மூணு பேராவே தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. நாலாவது ஆள் இல்ல."

நடந்தார்.

முட்டி மடங்காத என் அப்பா, நொண்டாமல், அந்தப் புல்தரையில் நடந்தார். அவரோடு அந்தச் சத்தமும் நடந்தது.

சளக்... சளக்... சளக்...

ஏரிக்கரை.

நிற்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கினார்.

முழங்கால்... இடுப்பு...

"அப்பா!"

நின்றார். மெதுவாகக் குனிந்தார். எதையோ இறக்கி வைத்தார்.

உஸ்... என்று ஒரு பெருமூச்சு.

அப்பாவுடையது மட்டும் இல்லை.

பல பேருடையது.

அதற்குப் பிறகு தவளைகளின் சத்தம் கேட்டது. அதுவரை தவளைகள் கத்தவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா தண்ணீரிலேயே உட்காரப் பார்த்தார். நானும் பக்கீர் முகம்மதுவும் இழுத்துக் கரையேற்றினோம். அவரால் ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை. வண்டி முதல் தொடுதலிலேயே கிளம்பியது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது வலது தோளில் தடிமனாக ஒரு தடம். ரத்தம் கட்டியிருந்தது. மூங்கில் அழுத்தினால் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொன்னார். அன்றுதான் வாயைத் திறந்தார்.

எழுபத்தொன்பது, இதே ஐப்பசி. தாளடி நடவில் அவருடைய அக்கா அம்சத்தைப் பாம்பு கடித்தது. வைத்தியரிடம் போவதற்குள் போய்விட்டாள். கீழப்பொன்னூர்த் தெருவுக்குச் சுடுகாடு உண்டு, போக வழி கிடையாது. பண்ணையின் வயலைத் தாண்ட வேண்டும். வரப்பில் போனால் அடி. முழங்கால் சேற்றில் பயிருக்கு நோகாமல் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"கறுப்பு சிவப்புக் கொடி மாத்தி மாத்தி வந்துச்சு. பாதை வருதுன்னு ஒவ்வொரு தாசில்தாரும் ஜமாபந்தியில சொல்லிட்டுப் போனான். அன்னைக்கு நாங்க வரப்பு மேல நடந்தோம். மதகுக்கிட்ட மறிச்சாங்க. பண்ணை ஆளுங்க ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம். எங்க தெரு ஆம்பளைங்க அத்தனை பேரையும் லாரியில ஏத்துனாங்க. என்னைத் தோள்லேர்ந்து இழுத்து ஏத்துனாங்க. மத்த மூணு பேரும் பாடைய எறக்க மாட்டோம்னு நின்னுட்டாங்க. லாரி கிளம்புறப்ப பாத்தேன்... மூணு பேரு தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. வலது பக்கம் பின் முனை, என் முனை, சரிஞ்சு கெடந்துச்சு."

மூன்று மாதம் ஜெயில். திரும்பி வந்தபோது தெருவே இல்லை. கூரைகள் எரிந்திருந்தன. அந்த மூன்று பேரும் ஊரை விட்டு ஓடிவிட்டதாகப் போலீஸார் எழுதி முடித்துவிட்டார்கள்.

"பொணத்தையும் தூக்கிக்கிட்டு எங்கம்மா ஓடுவாங்க?" என்றார் அப்பா.

சுடுகாடு இப்போது ஏரிக்கு அடியில் இருக்கிறது. அதைச் சுற்றி வழவழவென்று சாலை, பஸ், பேட்டரி வண்டி. முப்பது வருடம் கேட்டுக் கிடைக்காத வழி.

நான் எந்த ஓட்டலையும் சிபாரிசு செய்யவில்லை. அலுவலகக் குடும்பங்கள் போய்ச் சம்பாவில் தங்கிவிட்டு வந்தார்கள். பொங்கல் நன்றாக இருந்ததாம்.

ஆறு மாதம் கழித்து எங்கள் பள்ளியில் கழிவறைக்குக் குழி தோண்ட ஜேசிபி வந்தது. ஓட்டியவர் தங்கையன், ஐம்பது வயதிருக்கும். டீ குடிக்கும்போது பேச்சு வந்தது. பொன்னி வேர்ல்ட் ஏரி வெட்டியதும் அவர்தானாம்.

"மதகுக்கிட்ட தோண்டும்போது எலும்பு வந்துச்சு டீச்சர். பாடையோட. சேத்துக்குள்ள மூங்கில் மக்கவே இல்ல. மேஸ்திரி மூடச் சொல்லிட்டாரு. அந்த எடத்துல கட்டடம் வேணாம்னு நிழற்குடை போட்டுட்டாங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாலு பேர்தானே?" என்றேன். அம்சம் அத்தை. அவளைத் தூக்கிய மூன்று பேர்.

தங்கையன் தலையை ஆட்டினார்.

"அஞ்சு, டீச்சர். நடுவுல ஒரு பொம்பளை, கண்ணாடி வளையல் கெடந்துச்சு. மூங்கிலோட நாலு முனையிலயும் நாலு ஆம்பளை. நாலு பேருக்கும் மண்டை ஒடஞ்சிருந்துச்சு."

"நாலாவது ஆள்...?"

"வலது பக்கம், பின் முனை. எளவயசுதான். பல்லு ஒண்ணு கூட விழல."

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அப்பாதான். ஏன் முகம் வெளுத்திருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இதை எழுதும் இந்த நேரத்தில் அவர் பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மதகருகே அந்த நாலு பேரும் விழுந்தது எழுபத்தொன்பதில்.

நான் பிறந்தது எண்பத்திரண்டில்.