பதினோரு மணி சாக்லேட் காபி

எங்கள் வீட்டில் சாக்லேட் காபி போடுவதற்கு எழுதப்பட்ட விதிமுறை உண்டு. எழுதியவன் நான். வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் அடுப்படிக்குள் சும்மா நுழைய மாட்டான். ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்ஷன் மட்டும்தான். கோக்கோ தூள் ஒரு ஸ்பூன், தலை தட்டி. அதைப் பாலில் நேரே கொட்டினால் கட்டி தட்டும், அதனால் இரண்டு ஸ்பூன் வெந்நீரில் குழைத்துக்கொள்ள வேண்டும். பால் பொங்கி அடங்கியதும் அந்த விழுது, பிறகு டிகாக்ஷன், கடைசியில் இனிப்பு. நுரை வர மூன்று தரம் ஆற்ற வேண்டும். இதைத் தட்டச்சு செய்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"கீழ கையெழுத்து போடலையா?" என்றாள்.

போட்டேன்.

அந்தக் காபி எங்களுக்கு அறிமுகமானது பெங்களூரில். மகள் ஒரு கடைக்கு அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்ததிலிருந்து என் மனைவிக்கு அதன் மேல் ஒரு பித்து. கோக்கோ டின் துபாயிலிருந்து வரும். பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கும் ஒரு டின் கொண்டு வருவார். அவருடைய மனைவி என் மனைவியை அக்கா என்பார், என்னை சார் என்பார். மயிலாடுதுறைக்கு வெளியே, வயலை மனையாக்கி எழுப்பிய நகர் எங்களுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. வரைபடத்தில் அந்தக் கதவு கிடையாது. இரண்டு பெண்களும் கொத்தனாரிடம் சொல்லி வைத்துக்கொண்டது.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம், இன்சுலின் ஊசி போட ஆரம்பித்து மூன்று வருடம். ஊசி போடுவதும், விரல் நுனியைக் குத்தி மீட்டரில் பார்ப்பதும், நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. போன வருடம் ஆடி மாதம், வீட்டில் இருந்த ஜீனியை முழுதாக வெளியேற்றினேன். இரண்டு கிலோ ரேஷன் ஜீனி. கொட்ட மனமில்லாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். காலியான எவர்சில்வர் சம்படத்தில், சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும் இனிப்புத் தூளை நிரப்பினேன். சம்படத்தின் மேல் என் கையெழுத்தில் 'ஜீனி' என்று ஒட்டியிருந்த சீட்டை மட்டும் மாற்றவில்லை. நேராக ஒட்டியிருந்தது, கிழிக்க மனசு வரவில்லை.

அதன் பிறகும் மதிய அளவு குறையவில்லை, ஏறியது. இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபது. நான் எண்களை விசாரித்தேன். சோற்றை அளந்து போட்டேன். உருளைக்கிழங்கைத் தடை செய்தேன். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, காலை ஊசியில் ஆறு யூனிட் கூட்டினார். "சார் மாதிரி எழுதுறவங்க யாரும் இல்லம்மா" என்று என் மனைவியிடம் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் பக்கத்து வீட்டம்மாள் தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பேராவூரணி போனார். ஒரு வாரம். வழக்கம்போல் வீட்டுச் சாவி எங்களிடம் வந்தது, துளசிக்கும் ரோஜாவுக்கும் தண்ணீர் ஊற்ற. "அக்கா, உடம்பைப் பாத்துக்கங்க" என்று மதில் கதவருகே நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாளே மதிய அளவு நூற்றுப் பத்து. அதற்கடுத்த நாள் எண்பத்தெட்டு. நிர்வாகம் சீரடைந்ததில் எனக்கு அவ்வளவு திருப்தி. "பாத்தியா? உருளைக்கிழங்கு" என்றேன். அவள் சோபாவில் சாய்ந்துகொண்டு, "லேசா கிறுகிறுங்குது" என்றாள். வெயில் என்றேன். தை மாதத்தில்.

நான்காம் நாள் காலை பதினொன்று இருக்கும். தெருவில் அறுப்பு மெஷின் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அது தெருமுனை திரும்பிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான், அடுப்படியில் வேறு சத்தமே இல்லை என்பது தெரிந்தது. அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கத்தி கையில் இருந்தது, கை நின்றுவிட்டிருந்தது. மேலுதட்டிலும் நெற்றியிலும் வேர்வை முத்துமுத்தாக. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

"என்ன பண்ணுது?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். மனு கொடுக்க வந்தவர்கள் மேஜைக்குப் பின்னால் இருப்பவனைப் பார்ப்பார்களே, யாரோ ஒரு அதிகாரி என்று, அப்படி.

"யாரு வந்திருக்கா?" என்றாள். நாக்கு தடித்திருந்தது.

கத்தியை வாங்கி வைத்தேன். மீட்டரில் பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுபதுக்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் ஜீனி தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தரம். இதற்கென்றே குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். போன வாரம் அதன் தேதி முடிந்துவிட்டது, எடுத்துக் குப்பையில் போட்டேன். புதியது வாங்க வேண்டிய பட்டியலில் மூன்றாவதாக இருந்தது.

சம்படத்தை எடுத்தேன். 'ஜீனி'. மூன்று ஸ்பூன் போட்டுக் கரைத்து நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிட்டாள். பாதி கீழே சிந்தியது.

"சாக்லேட் காபி" என்றாள். குழந்தை கேட்பது போல.

காலையில் போட்ட டிகாக்ஷன் மிச்சம் இருந்தது, பால் சூடாக இருந்தது. கோக்கோவைக் குழைக்கவில்லை, நேரே கொட்டினேன். அதே சம்படத்திலிருந்து நான்கு ஸ்பூன். ஆற்றி, வாயருகே பிடித்தேன். குடித்தாள். கட்டி கட்டியாக இருந்திருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. எத்தனையோ பேரைப் பதினைந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் கை என் கையில் இருந்தது. சில்லென்று, ஈரமாக. அவ்வப்போது லேசாக ஒரு நடுக்கம் ஓடியது. கண் செருகும்போதெல்லாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அது அவளுக்கு வேறு யாருடைய பெயரோ போல் இருந்தது.

மறுபடி குத்தினேன். நாற்பத்தேழு.

மீட்டர் தவறு என்று நினைத்தேன். இன்னொரு விரலில் குத்தினேன். நாற்பத்தாறு. அப்போதுதான் மேடை மேல் திறந்து கிடந்த சம்படத்தைப் பார்த்தேன். உள்ளே இருந்தது மாவு போன்ற தூள். ஜீனி மாவு போல் இருக்காது. ஏழு ஸ்பூன் ஒன்றுமில்லாததை, என் கையெழுத்தை நம்பி, அவளுக்குக் கலந்திருக்கிறேன். கால் மணி நேரம் போய்விட்டது.

வீட்டில் ஜீனி இல்லை, வெல்லம் இல்லை, தேன் இல்லை. எல்லாம் என் உத்தரவு. கடை தெருக்கோடியில். போய் வர எனக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆணியில் பக்கத்து வீட்டுச் சாவி தொங்கியது.

பூட்டிய வீட்டைத் திறப்பதென்றால் இரண்டு சாட்சி வேண்டும், மகஜர் எழுத வேண்டும். அப்படித்தான் திறந்திருக்கிறேன், எத்தனையோ வீடுகளை. அந்த வீட்டில் வாசல் நாற்காலியைத் தாண்டி நான் உள்ளே போனதே இல்லை. ஆண் இல்லாத நேரத்தில் அது முறையும் இல்லை. மதில் கதவு வழியாக ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது. சாவியைத் தலைகீழாகப் போட்டு, திருப்பிப் போட்டேன். திறந்ததும் நேரே அடுப்படி.

அலமாரியின் நடுத்தட்டில் கண்ணாடி ஜாடி நிறைய ஜீனி. பக்கத்தில் கோக்கோ டின். அதன் பக்கத்தில், கழுவிக் கவிழ்த்த ஒரு எவர்சில்வர் டம்ளர். என் இனிஷியலும் என் மனைவி பெயரும் வெட்டிய டம்ளர்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஆறில் ஒன்று. ஐந்து மாதமாகக் காணோம். வேலைக்கு வரும் அம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

யோசிக்க நேரம் இல்லை. ஆனால் மனுஷன் ஓடும்போதும் கணக்குப் போடுகிறான். அந்த டம்ளரிலேயே ஜீனியை அள்ளிக்கொண்டு ஓடினேன். தினம் பதினோரு மணிக்கு "கருவேப்பிலை வாங்கிட்டு வரேன்" என்று மதில் கதவைத் திறந்துகொண்டு போவாள். அரை மணி நேரம் பறித்த கருவேப்பிலை. அந்த ஜீனிதான் மதியம் இருநூற்று அறுபது. அதற்குத்தான் ஆறு யூனிட். நான்கு நாளாக ஜீனி நின்றுவிட்டது, ஆறு யூனிட் நிற்கவில்லை. தினமும் காலையில் அதை ஏற்றியது என் கை.

தண்ணீர் விட்டுக் குழைத்தேன். "முழுங்கு. முழுங்குடி" என்று கத்தினேன். முதல் வாயில் பாதி வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனது. மூன்றாவதில் அவளே டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கடிகாரம். இந்தத் தடவை நான் சாமி கும்பிட்டேனா, டம்ளரைக் கும்பிட்டேனா, தெரியாது. ஐந்து நிமிடத்தில் வேர்வை நின்றது. பத்தாவது நிமிடம் டம்ளரைத் திருப்பி, அதில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்தது என்னைத்தான், யாரோ ஒரு அதிகாரியை இல்லை. அந்தக் கண்ணில் பயம் இருந்தது. செத்துப் போயிருப்போம் என்ற பயம் இல்லை அது. மாட்டிக்கொண்டோம் என்ற பயம்.

எழுபத்தொன்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றெட்டு.

டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா சார்?" என்றார். அவள் புடவைத் தலைப்பால் அந்த டம்ளரை மூடிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மணிக்கு ஒரு காபி இருந்துச்சு டாக்டர். ஜீனி போட்டு. நாலு நாளா இல்ல."

"நோட்டுல இல்லையே?"

"நோட்டுல இல்ல" என்றேன்.

ஊசியைக் குறைத்து, சாயங்காலம் நேரில் வரச் சொன்னார். போனை வைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்ககிட்ட சொன்னா எழுதிருவீங்க."

ஆபீசில் எல்லாரும் என்னிடம் எதையாவது மறைத்தார்கள். போர்வெல்லை மறைத்தார்கள், வாய்க்காலில் போட்ட குறுக்கணையை மறைத்தார்கள், பங்காளியை மறைத்தார்கள். அது வேலையோடு சேர்ந்தது. அந்த வரிசையில் என் வீட்டுக்காரியும் டம்ளரோடு நின்றிருக்கிறாள், ஐந்து மாதமாக. தலை சுற்றுகிறது என்று சொன்னவள் ஏன் சுற்றுகிறது என்று சொல்லவில்லை. உயிர் போனாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

பக்கத்து வீட்டம்மாள் திரும்பி வந்து, விஷயம் கேட்டு, மதில் கதவில் நின்று அழுதுவிட்டார். "எம்மேல தப்பு சார். அக்கா பாவம், அந்தத் தூளு கசக்குதுன்னாங்க. ஒரு வாய் தானேன்னு..." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு. எங்க வீட்டுப் பூட்டை உடைக்காம வந்தீங்களே, சந்தோசம்."

"சாவிதானே போட்டேன்."

"அதான் சார், சாட்சி யாரு?"

என் மனைவி சிரித்தாள். முன்னெல்லாம் நான் இருக்கும்போது அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேலைக்கு வரும் அம்மாளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் புது அளவு எழுதிக் கொடுத்தார். ஊசி குறைந்தது. பதினோரு மணிக்கு ஒரு சின்ன டம்ளர், அரை ஸ்பூன் ஜீனி, அதற்கு மேல் இல்லை என்றார். சம்படத்தின் சீட்டைக் கிழித்துவிட்டேன். நிஜ ஜீனி கண்ணாடி ஜாடியில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த விதிமுறையையும் எடுத்துவிட்டேன். குளுக்கோஸ் பாக்கெட் மூன்று.

அவளுக்கு இங்கேயே போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள், அங்கே போய்க் குடித்தால்தான் அது காபி என்றாள். தினம் பதினொன்றுக்கு அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு மதில் கதவைத் திறந்துகொண்டு போகிறாள். கருவேப்பிலை என்று சொல்வதில்லை. நான் அடுப்படி ஜன்னலில் நின்றுகொள்கிறேன். பேச்சுச் சத்தம் கேட்கும் வரை பரவாயில்லை. சத்தம் கொஞ்சம் நின்றால் என் முதுகு வேர்க்கிறது. நேற்று பதினொன்று நாற்பது வரை ஒரு சத்தமும் இல்லை. மதிலருகே போய் நின்றேன். கூப்பிடவில்லை. சும்மா நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உசுரோடதான் இருக்கேன். போங்க."