செண்பகத்தின் நூற்றிருபது கரும்புகள்

பொன்னேரிச் சந்தையில் கரும்பு விற்ற செண்பகம் ஒவ்வொரு கழியையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். கனக்க வேண்டும். வெட்டுவாயில் அழுகல் சிவப்புத் தெரிந்தால் அந்தக் கட்டையே தொடமாட்டாள்.

1973 பொங்கலுக்குக் கும்மிடிப்பூண்டியில் நான் வேலைபார்த்த தொழிற்சாலை, ஆளுக்கொன்றாக நூற்றிருபது கரும்பு கேட்டது. தோகையோடு, முழு நீளத்தில். சரியாக வந்தால் ஆண்டுதோறும் அவளுக்கே என்றார் மேலாளர் யேசுதாஸ்.

கரும்புச் சுமை ஜனவரி 10, புதன்கிழமையே அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை போகியன்றுதான் தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை வாடாதிருக்க, நிழலில் ஈரமணல் கொட்டி அடிப்பக்கத்தைப் புதைத்து நிறுத்துவாள். ஆற்றுமணல் எடுத்துவரக் கணவர் தேசப்பனை அனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போனாள். பழவேற்காட்டு மீனவரான அவர், பழகிய ஏரிக்கரை மணலை வண்டியில் கொண்டுவந்து, கரும்பையும் அவரே நட்டுவைத்தார்.

வெள்ளி மதியம் ஒரு கழியின் அடியை ஒடித்துக் கடித்தாள். அடிக்கணு கரித்தது.

"யோவ், எந்த மண்ணுய்யா இது?"

"ஏரி மண்ணுதாம்மே. நல்லா ஈரமா இருந்திச்சி."

"அது உப்பு ஏரிய்யா. உப்புல வெச்சா மீனு கெடாது. கரும்பு இன்னா கருவாடா?"

"கய்வி ஏத்திடு. வெளிய பளபளன்னுதான கீது, யாரு கண்டா?"

"கடிக்கிற கொயந்தைங்க கண்டுக்கும்."

ஒவ்வொரு கழியிலும் அடியில் இரண்டு கணு வெட்டி, மேலே ஒரு வில்லை நறுக்கிக் கடித்துச் சுவைத்தாள். நூற்றிருபதும் முடிவதற்குள் உதடு கிழிந்துவிட்டது. நூற்றுப்பதினொன்று தேறின. ஒன்பதில் உப்பு மேலேயும் ஏறியிருந்தது, ஒதுக்கினாள்.

சனி காலை எட்டரைக்கு வண்டி தொழிற்சாலை வாசலுக்கு வந்தது.

"இன்னாம்மா, குட்டையா கீது?" என்றார் யேசுதாஸ்.

"ஊட்டுக்காரரு அள்ளியாந்த உப்பு மண்ணுல வெச்சிட்டோம் சார். கெட்டதை வெட்டிட்டேன். எண்ணிக்கையும் ஒம்பது கொறையுது." வெட்டிய துண்டு ஒன்றையும் கரும்பில் நறுக்கிய வில்லை ஒன்றையும் நீட்டினாள். "ரெண்டையும் கடிச்சிப் பாரு சார். வேணாம்னா திருப்பிக்கினு போறேன்."

யேசுதாஸ் முதலாவதைத் துப்பினார். இரண்டாவதைச் சக்கையாகும் வரை மென்றார்.

"எறக்கு. ஒர்க்கருங்க நூத்திரண்டு பேருக்கும் முழுசு. ஆபீசுல பதினெட்டு பேரு, ரெண்டு பேருக்கு ஒண்ணு. அடுத்த வருசமும் நீயே கொண்டாம்மா. மண்ணை மட்டும் நீயே போய் அள்ளு."

வண்டியடியில் நின்ற தேசப்பன் தோகை கசங்காமல் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். அந்தப் பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன். எனக்கு வந்தது நுனிப் பாதி, அதுவும் இனித்தது.